ஊரில் உங்கள் காணியை வேறொருவர் விற்றிருந்தால்

யாழ்ப்பாணம் போகும்போது ஒரு காலைப்பொழுதைக் காணிப் பதிவகத்துக்கு ஒதுக்குங்கள். பழைய உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, கொண்டுபோய்த் தோம்பு எனும் காணிப் பதிவேட்டைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வளவுக்கு அறுதி உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதப்பட்டிருந்தால் அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும்.

வந்தால் பதற வேண்டாம். உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை சேராது. தாய் தகப்பன் விட்டுப்போன எட்டுப் பரப்புக் காணி, சமபங்கில் நான்கு பிள்ளைகள் என்றால், ஊரிலிருக்கும் அண்ணன் முழுவதையும் எழுதிக்கொடுத்தாலும் போவது அவருடைய கால்பங்குதான்.

பலர் வழுக்குவது இதற்குப் பிறகு. "நான் திரும்பிப் போகவேணும். என்ரை பங்கை அண்ணன்ரை பெயரிலை எழுதிவிடுறன், அவரே வழக்கைப் பார்க்கட்டும்" என்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன்னிடம் இல்லாததை விற்றவர் பின்னர் அதைப் பெற்றால், அது முன்பு வாங்கியவருக்கே போய்ச்சேரும் என்பது இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் விதி. "விற்றபோது எனக்கு உரிமை இருக்கவில்லை" என்று விற்றவரே வாய் திறக்க முடியாது. முரண்தடை என்பது இதுதான்.

அந்தத் தடை உங்கள் மீதும் விழலாம். சொல்லாலோ செயலாலோ, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டோ ஒருவரை வேண்டுமென்றே நம்பவைத்து, அந்த நம்பிக்கையில் அவர் காரியம் செய்தபின் அதை மறுக்க முடியாது என்கிறது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 115ஆம் பிரிவு. வாங்கியவர் அத்திவாரம் வெட்டுகிறார். நீங்கள் கிளுவை வேலியோரம் நின்று பார்க்கிறீர்கள், அவர் தந்த தேத்தண்ணியைக் குடிக்கிறீர்கள், "நல்லாக் கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக அந்தச் சொல் வரும். அயலவரின் மனம் நோகக்கூடாது என்ற எண்ணம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் அன்றைக்கே மறுப்பைச் சொல்லுங்கள். சட்டத்தரணி மூலம் எழுத்திலும் அறிவித்து, பதிவுத்தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம், காணியைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரத்தை) எடுத்து ஒருமுறை வாசியுங்கள். "விற்கவும் ஈடு வைக்கவும்" என்று அதில் இருந்தால், அவர் விற்றது நீங்களே விற்றது மாதிரி. தேவையில்லையென்றால் அதை இரத்துச் செய்து, இரத்தையும் பதிவு செய்யுங்கள்.

தோம்பில் அந்த உறுதியின் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் தடையில்லாமல், உங்கள் உரிமையை ஏற்காமல் காணியை ஆண்டுவந்தவருக்கு 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் வழி திறக்கிறது. ஒன்பதாவது வருடத்தில் நிற்கிறீர்களென்றால் பயணச்சீட்டைப் பின்போட்டுவிட்டு முதலில் சட்டத்தரணியிடம் போங்கள்.