ஆங்கிலச் சொற்களின் பிறப்புக் கதைகளை நம்பும் முன்

ஆடம்பரமான, உயர்தரமான என்று பொருள்படும் 'போஷ்' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பலில் இடப்பக்க அறைகளில் வெயில் குறைவு; திரும்பிப் போகும்போது வலப்பக்கம். அதனால் வசதி படைத்தவர்கள் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' (போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்) என்று கேட்டுச் சீட்டு வாங்கினார்களாம். அந்த நான்கு முதலெழுத்துகள்தான் 'போஷ்' ஆனதாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படி அச்சிட்ட சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்திலேயே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. கப்பல் கதை அச்சில் தலைகாட்டியதோ 1930களில்தான்.

நாம் அடிக்கடி செய்யும் தவறு இதுதான்: பழைய சொல்லை முதலெழுத்துகளாகப் பிரித்துப் பார்ப்பது. 20ஆம் நூற்றாண்டுக்கு முன் அப்படிச் சொல் உருவானது மிக அரிது. 'ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமே கோல்ஃப் என்பதும் இதே ரகம். 1457இலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த விளையாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது.

அடுத்தது, சோக வரலாற்றைப் பாட்டில் ஏற்றுவது. 'ரிங் எ ரிங் ஓ ரோஸஸ்' என்ற ஆங்கிலக் குழந்தைப் பாடல் 1665ஆம் ஆண்டு லண்டன் கொள்ளைநோயைப் பாடுகிறது, தும்மல் நோயின் அறிகுறி, கீழே விழுவது மரணம் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். 1881இல் இங்கிலாந்தில் வெளியான குழந்தைப் பாடல் புத்தகத்தில் இது இருக்கிறது. அந்த வடிவத்தில் தும்மலே இல்லை, 'ஹஷ், ஹஷ்' என்றுதான் வருகிறது! கொள்ளைநோய் விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

மாட்டிறைச்சித் துண்டுக்கு மன்னர் 'சர்' பட்டம் கொடுத்ததால் 'சர்லாயின்' வந்தது என்பதும் கட்டுக்கதைதான். 'இடுப்புக்கு மேலே' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் அது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். 'கேஷ்' நம் 'காசு'தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். இதில் பாதிதான் உண்மை. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறித்த 'கேஷ்', போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. வங்கியில் வாங்கும் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு சொல். பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். 'மல்லிகடானி' சூப் மிளகுத்தண்ணீர் என்பதிலோ, 'செரூட்' சுருட்டு என்பதிலோ இந்தக் குழப்பம் இல்லை. அவற்றைத் தயங்காமல் சொல்லலாம்.

கட்டுமரமும் நம்முடையதே. ஆனால் இன்றைய 'கேடமரான்' படகின் இரட்டை உடலைப் பழைய சொல்லில் தேடக் கூடாது. 1697இல் வெளிவந்த பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் இந்தப் பெயருடன் இருந்தவை எடை குறைந்த மரத்தடி ஒன்றோ இரண்டோதான் என்று எழுதியிருக்கிறார்.