ஹெட்லைட் மங்கலா? புதுப் பல்பு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன தை மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மணி பத்தரை. வடுவூர் தாண்டித் தஞ்சாவூர் வரும் வழியில் சாலையின் ஓரத்தை அடைத்து நெல் குவித்து, மேலே கறுப்புத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். சம்பா அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். வண்டி ஏறிவிடாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல் என் கண்ணில் பட்டபோது பம்பருக்கும் அதற்கும் பத்தடிகூட இல்லை. இடது முன்சக்கரம் ஏறி இறங்கியது. ரிம் நெளிந்ததோடு போயிற்று.

"லைட்டு போட்டிருக்கீங்களா இல்லையா?" என்றார் மனைவி. போட்டுத்தான் இருந்தேன்.

பதினோரு வருடம் ஓடிய சின்ன கார் அது. வெளிச்சம் ஒரே நாளில் குறைந்திருந்தால் கவனித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் கண் பழகிவிட்டது. மறுநாளே கடைக்குப் போய் 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன். உண்மையில் பல்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அந்த வெளிச்சம் சாலைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எங்கே தொலைகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும். செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.

இங்கே சொல்வது ஹாலஜன் பல்பு போட்ட கார்களுக்கு. ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் இருக்கும் எச்4 வகைதான் நம் ஊர்ச் சின்ன கார்களில் அதிகம். கம்பெனியிலேயே எல்இடி ஹெட்லைட்டோடு வந்த வண்டி என்றால் துடைப்பதும், ஹெட்லைட்டின் முன்மூடியான லென்ஸைப் பார்ப்பதும் மட்டும் நம் வேலை. மற்றதை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் சுவர் முன்னால் நிறுத்துங்கள்

இருட்டிய பிறகு ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் காரை நிறுத்தி டிம் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு, அல்லது அந்தப் பக்கத்து ஃபியூஸ். இரண்டு பக்கமும் டிம் மட்டும் ஒரே நேரத்தில் போயிருந்தால் பல்பைச் சந்தேகிக்காதீர்கள். ரிலேயிலோ (லைட்டுக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி) ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சிலோதான் கோளாறு இருக்கும். இரண்டும் எரிகிறது, ஆனால் மஞ்சளாக, சோர்வாக இருக்கிறது என்றால் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பாருங்கள். மிதிக்கும்போது வெளிச்சம் கூடிக் குறைந்தால் பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் கவனம் போகட்டும். எதற்கும் அசையாமல் ஒரே மங்கலாக இருந்தால் லென்ஸ் அல்லது வயரிங்.

துடைப்பது

சிரிக்காதீர்கள். ஹெட்லைட்டின் மேல் காய்ந்த பூச்சிகளும் சேறும் வெளிச்சத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். ஈரத்துணி போதும். அப்படியே முன்கண்ணாடியின் உட்புறத்தையும் துடைத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். பகலில் தெரியாது. எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போதுதான் கண்ணாடி முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகும்.

மஞ்சளான லென்ஸ்

என் காரில் பாதி வெளிச்சத்தை விழுங்கியது இதுதான். அம்பாசிடர் காலத்து ஹெட்லைட் கண்ணாடி, எத்தனை வருடம் ஆனாலும் மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும். வருடக்கணக்கான வெயிலில் அந்தப் பூச்சு செத்து, பிளாஸ்டிக் மஞ்சளாகிறது.

தேவையானவை: பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். 1000, 1500, 2000 நம்பரில் ஒவ்வொன்று. கூடவே ரப்பிங் காம்பவுண்ட், பேப்பர் டேப், யுவி பாதுகாப்புள்ள கிளியர் கோட் ஸ்பிரே.

ஹெட்லைட்டைச் சுற்றி இருக்கும் பெயிண்டின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். 1000 தாளை நனைத்து, ஒரே திசையில், தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சள் நிறத்தில் குழம்பு மாதிரி வடியும். அது வெள்ளையாக மாறும்வரை விடாதீர்கள். இந்தக் கட்டத்தில் லென்ஸ் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி வெளுத்துப் போய் நிற்கும். "இருந்ததையும் கெடுத்துவிட்டோமே" என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். அடுத்து 1500, முன்பு தேய்த்ததற்குக் குறுக்குத் திசையில். பிறகு 2000. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கத்தான், அதனால் அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் கடைசிவரை கீறல் தெரியும். கடைசியில் காம்பவுண்டைத் துணியில் எடுத்துச் சுழற்றித் தேய்த்தால் பத்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் பல்பு தெளிவாகத் தெரியும்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பழைய பூச்சை நாமே தேய்த்து எடுத்துவிட்டோம், இப்போது பிளாஸ்டிக் வெற்றுடம்போடு வெயிலில் நிற்கிறது. கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். நன்றாகக் கழுவி, உலர விட்டு, மெல்லியதாக இரண்டு மூன்று கோட் அடியுங்கள். டூத்பேஸ்ட் வைத்தியமும் இதே கதைதான்: அன்றைக்குப் பளபளக்கும், நிற்காது.

லென்ஸ் தெளிவாகியும் உள்ளே பல்பின் வெளிச்சத்தை முன்னால் திருப்பும், வெள்ளிபோல் மின்னும் ரிஃப்ளெக்டர் கறுத்து உரிந்திருந்தால் அதற்கு மருந்தில்லை. ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பல்பு மாற்றுவது

பல்பின் கண்ணாடி உள்ளே சாம்பல் படிந்தாற்போல் கறுத்திருந்தால், அல்லது இழை அறுந்திருந்தால் மாற்றுங்கள். இன்ஜினையும் லைட்டையும் அணைத்து, பல்பு ஆற கால் மணி நேரம் விடுங்கள். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் பின்னால் மூன்று பின் சொருகிய கனெக்டர் இருக்கும். ஆட்டி ஆட்டி நேராக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் அடியில் ரப்பர் மூடி. அதையும் கழற்றினால் கம்பி கிளிப் தெரியும். உள்ளே அழுத்தி ஓரமாகத் தள்ளினால் பல்பு கையோடு வரும்.

புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் தொட்டுவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும். சரியான திசையில் மட்டும்தான் உட்காரும், வலுக்கட்டாயம் வேண்டாம். ரப்பர் மூடியை இறுக்கமாகப் போடாவிட்டால் முதல் மழையிலேயே லென்ஸுக்குள் வியர்த்துவிடும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். அடுத்ததற்கும் அதே வயதுதான்.

எடுத்த எச்4 பல்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டு இழைகளில் ஒன்றின் அடியில் நகக்கண் அளவில் ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அதுதான் டிம் இழை. அதன் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் விழாமல் அந்தக் கிண்ணம் மறைக்கிறது. அதனால்தான் டிம்மில் வெளிச்சம் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாமல் எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுகிறது. ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் சந்தையில் விற்கும் எல்இடி பல்பைச் சொருகினால் இந்தக் கணக்கு கெடுகிறது. இழை இருந்த அதே புள்ளியில் வெளிச்சம் பிறக்காவிட்டால் ரிஃப்ளெக்டர் அதைக் கண்டபடி சிதறடிக்கும். காருக்கு முன்னால் பத்தடி வெள்ளை வெளேரென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் இருக்காது, எதிரே வருகிறவர் திட்டுவார்.

என் 100/90 கதைக்கு வருகிறேன். சாதாரண எச்4 பல்பு 60/55 வாட். டிம்மில் 55 வாட் என்றால் 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் எடுக்கும். 90 வாட் என்றால் ஏழரை ஆம்பியர். வயரும் சுவிட்சும் அதற்காகச் செய்தவை அல்ல. மூன்றாவது மாதம் பானெட்டுக்குள் கருகல் வாசனை. திறந்து பார்த்தால் பல்பில் மாட்டும் கனெக்டர், அதாவது ஹோல்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின்னோடு உருகி ஒட்டியிருந்தது.

வோல்ட் எங்கே போகிறது

அந்த ஹோல்டரை மாற்றப் போனபோது எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லிக்கொடுத்த பரிசோதனை இது. சாதாரண மல்டிமீட்டர் போதும்.

இன்ஜின் ஓடட்டும், டிம் எரியட்டும். பேட்டரியின் இரண்டு முனையில் மீட்டரை வைத்தால் 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கும் கீழே என்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் காட்டுங்கள். அடுத்து, பல்பில் கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, அதன் பின்புறம் வயர் நுழையும் ஓட்டை வழியாக மீட்டரின் ஊசிகளை இரண்டு இரண்டு பின்களாகத் தொட்டுப் பாருங்கள். ஊசிகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. கிடைப்பதில் பெரிய எண் எதுவோ அதுதான் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட். பேட்டரிக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

என் காரில் பேட்டரியில் 14.0, பல்பில் 12.2. "இது என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டேன். "ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும் தம்பி" என்றார். அந்தக் கணக்குப்படி எனக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வயரிலேயே காலி.

பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஹெட்லைட் வயரிங்கிலிருந்து ஒரு வயர் பாடியில் போல்ட் போட்டு இறங்கும், அதுதான் எர்த். கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான இரும்பு தெரிந்ததும் மறுபடி இறுக்குங்கள். என் காரில் அது மட்டுமே 1 வோல்ட்டைத் திருப்பிக் கொடுத்தது. அப்படியும் தேறவில்லை என்றால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் ரிலே கிட் போடலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

குறி வைப்பது

முன்பக்கம் அடிபட்டு வேலை பார்த்த கார்களில் ஹெட்லைட் வானத்தையோ வயலையோ பார்த்துக்கொண்டிருக்கும். டயரில் சரியான காற்று, டிக்கி காலி, ஓட்டுநர் சீட்டில் ஒருவர். சமதரையில் காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு ஹெட்லைட்டின் நடு உயரத்தையும் சுவரில் பேப்பர் டேப்பால் குறியுங்கள். நேராக 5 மீட்டர் பின்னால் வாருங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு டேப்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது முனை மட்டும் கொஞ்சம் மேலே ஏறும், அது சரிதான். மாறியிருந்தால் ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள்.

டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை இருந்தால் இந்த வேலையின்போது அது 0-வில் இருக்கட்டும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு தூக்கும், அப்போது 2, 3 என்று வைத்தால் வெளிச்சம் இறங்கும். என் மாமனார் எட்டு வருடமாக அதை ஏசி சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியானாலும் ஒரு கணக்கு

கறுப்புச் சட்டை போட்டுச் சாலை ஓரம் நடந்துபோகிறவர், நல்ல டிம் வெளிச்சத்திலேயே ஏறக்குறைய 50 மீட்டரில்தான் கண்ணில் படுவார். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றாலே 33 மீட்டர் போயிற்று. அதன்பின் வண்டி நிற்க உலர்ந்த சாலையில் இன்னும் 35 மீட்டராவது வேண்டும். 60 என்றால் மொத்தமே 45 மீட்டர். எதிரே வண்டி இல்லாத இருட்டுச் சாலையில் தாராளமாகப் பிரைட் போடுங்கள், வண்டி தெரிந்ததும் டிம் செய்யுங்கள். எதிராளி டிம் செய்யாவிட்டால் அவர் லைட்டைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் போங்கள். பதிலுக்கு நாமும் பிரைட் அடித்தால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேருக்குக் கண் தெரியாது.

ஓடும்போதே இரண்டு லைட்டும் அணைந்துவிட்டால் பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள். லீவரை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். டிம் போயிருந்தாலும் பிரைட் இழை பெரும்பாலும் எரியும். நான்கு இண்டிகேட்டரும் மின்னும் ஹஸார்டைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் 50 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் காரை விட்டு இறங்கிச் சாலைக்கு வெளியே நிற்க வேண்டும்.

அப்புறம், நான் கழற்றிய பழைய 60/55 பல்புகளில் நன்றாக எரிந்த ஒன்றைத் தூக்கிப் போடவில்லை. ஒரு சாக்ஸுக்குள் சுருட்டி, இரண்டு ஃபியூஸும் ஒரு டார்ச்சும் சேர்த்து டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். டார்ச் பேட்டரியை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் மாற்றுகிறேன்.