பாட்டுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர்: ராஸ்பெரி பையில் வீட்டு மியூசிக் பிளேயர் அமைப்பது எப்படி?

வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கும். பாட்டு மட்டும் ஃபோனிலிருந்து புளூடூத்தில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் பாட்டு நிற்கும். வாட்ஸ்அப் மணி ஸ்பீக்கரில் அடிக்கும். ஃபோனோடு மாடிக்குப் போனால் பாட்டு அறுந்துவிடும். போதாததற்கு, புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

பாட்டு போடுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஃபோன் வெறும் ரிமோட் ஆகிவிடும். லினக்ஸ் தெரியாதவர்களும் ஒரு சாயங்காலத்தில் இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் பாட்டுகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு இன்னும் பொறுமை வேண்டும். நான் அதிகம் சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

என்னென்ன வாங்க வேண்டும்

ராஸ்பெரி பை 4, 2 ஜிபி ராம் உள்ளது போதும். பழைய பை 3 கையில் இருந்தால் அதுவும் ஓடும். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் டைப்-சி பவர் அடாப்டர் அவசியம். வீட்டில் கிடக்கும் ஃபோன் சார்ஜரை மாட்டாதீர்கள். மின்சாரம் போதாமல் பை தடுமாறும், பாட்டு விட்டு விட்டு வரும். கூடவே 16 ஜிபி அல்லது 32 ஜிபி மெமரி கார்டு, மின்விசிறி இல்லாத உலோக கேஸ். ராத்திரி அமைதியாகப் பாட்டு கேட்கும்போது பக்கத்தில் குட்டி மின்விசிறி இரைவது பெரிய எரிச்சல்.

பாட்டுகளைச் சேமிக்க ஒரு யுஎஸ்பி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க். பை 4-இன் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கையும், அடுத்துச் சொல்லப்போகும் டாக் என்ற பெட்டியையும் சேர்த்து மாட்டினால் அது போதாமல் போகலாம். எஸ்எஸ்டி சத்தமும் போடாது.

அடுத்தது டாக், அதாவது எண்களாக இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் சிக்னலாக மாற்றும் பெட்டி. பை 4-இல் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு, ஆனால் அதன் ஒலித்தரம் சுமார்தான். பை 5-இல் அந்தத் துளையே கிடையாது. வாங்குமுன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரிண்டரில் இருப்பதுபோல் சதுரமான யுஎஸ்பி துளை இருந்தால் டாக் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். ஒரு பிரிண்டர் கேபிளோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் சாதாரண யுஎஸ்பி டாக் ஒன்று வாங்கி, சிவப்பு வெள்ளை பின் வைத்த கேபிளால் ஆம்ப்ளிஃபயரோடு இணையுங்கள். முதல்முறை செய்பவர்கள் விலை உயர்ந்த டாக்கைத் தேட வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குப் போட்டால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றுதல்

நாம் போடப்போவது மூட் ஆடியோ பிளேயர் என்ற இலவச மென்பொருள். உங்கள் லேப்டாப்பில், மெமரி கார்டில் இயங்குதளத்தை எழுதித் தரும் ராஸ்பெரி பை இமேஜரை நிறுவித் திறவுங்கள். முதலில் பையின் மாடல். அடுத்து இயங்குதளப் பட்டியலில் மீடியா பிளேயர் பகுதிக்குள் மூட். அதன் பிறகு மெமரி கார்டு. லேப்டாப்பில் வேறு பென் டிரைவ் செருகியிருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள், தேர்ந்தெடுத்த டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் அமைப்புகளை மாற்ற வேண்டுமா என்று இமேஜர் கேட்கும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர், வைஃபை கடவுச்சொல், நாடு எல்லாம் இங்கேதான் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பெயராக எம், ஓ, ஓ, டி, இ என்ற ஐந்து எழுத்துகளைச் சின்ன எழுத்தில் கொடுங்கள். எழுதி முடிந்ததும் கார்டைப் பையில் செருகி, டாக்கையும் எஸ்எஸ்டியையும் மாட்டி, கடைசியாகப் பவர் கொடுங்கள். முதல்முறை சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

இனி ஃபோன் பிரவுசரில் அதே ஐந்து எழுத்து, ஒரு புள்ளி, லோக்கல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பிளேயர் திறக்கும். சில பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இந்த முகவரி வேலை செய்யாது. அப்போது ரூட்டரின் பக்கத்துக்குப் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பையின் ஐபி எண்ணைப் பார்த்து அதை அடியுங்கள். திறந்த பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக்கொண்டால் ஆப் மாதிரியே இருக்கும்.

ஒலி அமைப்பு

மெனுவில் கன்ஃபிகர், அதற்குள் ஆடியோ. அவுட்புட் டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் டாக்கைத் தேர்ந்தெடுங்கள். வால்யூமைப் பிளேயரில் மாற்றாமல் முழு அளவில் நிலையாக வைக்கும் வசதி உண்டு. ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழ் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முதல் பாட்டுக்கு முன் அந்தக் குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் ஆபத்து.

சிடியில் ஒரு நொடிப் பாட்டு 44,100 அளவீடுகளாகப் பதிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் 16 பிட். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இதை 48,000-ஆக மாற்றித்தான் வெளியே அனுப்பும். மூட் எதையும் மாற்றாமல் அப்படியே டாக்குக்குக் கொடுக்கும். பாட்டு ஓடும்போது மெனுவில் ஆடியோ இன்ஃபோவைத் திறந்து வெளியே போகும் எண்ணைப் பாருங்கள். சிடி பாட்டுக்கு 44.1 என்று காட்டினால் எல்லாம் சரி.

சிடியிலிருந்து பாட்டு எடுத்தல்

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கீறல் விழுந்த சிடியையும் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்த்து எடுக்கும். ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். ஒரு மணி நேரப் பாட்டு சுருக்காமல் 635 எம்பி. ஃப்ளாக்கில் பெரும்பாலும் 300 முதல் 400 எம்பிக்குள் வரும், ஒலியில் எதுவும் குறையாது. 500 சிடிகள் 200 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஏற்கெனவே எம்பி3-ஆக இருப்பதை ஃப்ளாக்காக மாற்றுவதில் பயனில்லை. போன தரம் திரும்பாது, இடம்தான் வீணாகும்.

கச்சேரி சிடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம். ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள். ஃப்ளாக்கில் எடுத்து மூட்டில் போட்டால் தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் இடைவெளியே விழாது.

டேக்: பாதி வேலை இங்கேதான்

கோப்புக்குள் எழுதப்பட்ட பாடகர், ஆல்பம், இசையமைப்பாளர் விவரங்கள்தான் டேக். இது சரியில்லை என்றால் எத்தனை நல்ல கருவி இருந்தும் தேடுகிற பாட்டு கிடைக்காது. எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக மாற்றலாம்.

மேல்நாட்டு ஆல்பம் பெரும்பாலும் ஒரு பாடகருடையது. நம் படத்திலோ ஐந்து பாட்டுக்கு ஏழு குரல் இருக்கும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஒரே படம் எஸ்.பி.பி.க்கு ஒரு துண்டு, ஜானகிக்கு ஒரு துண்டு என்று சிதறிவிடும். அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், பாடியவர்களை ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் வையுங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965-இல் பிரிந்தவர்கள். சேர்ந்து செய்த படங்களுக்கு இருவர் பெயரையும், பிறகு வந்தவற்றுக்கு எம்.எஸ்.வி. பெயரை மட்டும் எழுதினால் பட்டியலிலேயே அந்த இரண்டு காலமும் தனித்தனியாக நிற்கும்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். இளையராஜாவை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள், பிளேயர் ஒவ்வொன்றையும் வேறு ஆளாக எண்ணும். யூனிகோட் தமிழ் மூட்டில் பிசிறில்லாமல் தெரிகிறது.

கர்நாடக இசைக்குப் பாடகரை ஆர்ட்டிஸ்டிலும், தியாகராஜர், தீட்சிதர், பாபநாசம் சிவன் என்று இயற்றியவரை கம்போசரிலும், ராகத்தை இசை வகைக்கான ஜானர் கட்டத்திலும் எழுதுகிறேன். எம்பி3டேக்கில் இரண்டு பின்சாய்கோடு போட்டுப் பிரித்தால் கர்நாடகம், கல்யாணி என இரண்டு ஜானர் கொடுக்க முடியும். பிறகு மூட்டின் ஜானர் பட்டியலில் கல்யாணியைத் தொட்டால், பலர் பல காலத்தில் பாடிய கல்யாணிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒரு ராகத்தைக் கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டேக் முடிந்த கோப்புகளை எஸ்எஸ்டியில் ஏற்றிப் பையில் மாட்டி, மெனுவில் லைப்ரரி அப்டேட் கொடுங்கள். பாட்டுகள் பட்டியலுக்கு வந்துவிடும்.

அன்றாடப் பயன்பாட்டில்

பவரை நேரடியாகப் பிடுங்காமல் மெனுவில் ஷட்டவுன் கொடுத்து அணையுங்கள், மெமரி கார்டு கெடாமல் இருக்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால் ரூட்டரையும் பையையும் யுபிஎஸ்ஸில் இணைப்பது நல்லது. கார்டு கெட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி எழுதிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி போனால்தான் மாதக்கணக்கான டேக் உழைப்பு போகும். அதனால் புதிதாகப் பாட்டு சேர்க்கும்போதெல்லாம் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, அதைப் பையோடு மாட்டாமல் அலமாரியில் வையுங்கள்.