‘சூடு’ என்ற ஒரே சொல்லால் வரும் குழப்பம்: வெப்பப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காபி சூடாக இருக்கிறது என்கிறோம். பாத்திரத்தில் சூடு ஏறுகிறது என்றும் சொல்கிறோம். முதலாவது வெப்பநிலை, டிகிரியில் அளப்பது. இரண்டாவது வெப்பம், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆற்றல், ஜூலில் அளப்பது. பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் கெடுதல் இல்லை. கணக்கில் இரண்டையும் ஒன்றாக்கினால்தான் வம்பு.

80 டிகிரியில் 200 கிராம் தண்ணீர், 30 டிகிரியில் 300 கிராம். கலந்தால் என்ன வரும்? கூட்டி இரண்டால் வகுத்து 55 என்று எழுதுபவர்கள் ஏராளம். சரியான விடை 50. சுடுநீர் இழப்பது 200 × 4.2 × 30 = 25,200 ஜூல். குளிர்ந்த நீர் பெறுவது 300 × 4.2 × 20 = அதே 25,200. சமமாக வேண்டியது இழப்பும் வரவும்தான்.

பொருள் மாறினால் எடை மட்டும் பார்த்தாலும் போதாது. 100 டிகிரி இரும்பு அரை கிலோவை 30 டிகிரி தண்ணீர் அரை கிலோவில் போட்டால் ஏறத்தாழ 37 டிகிரிதான் வரும். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றத் தண்ணீருக்கு 4.2 ஜூல் வேண்டும், இரும்புக்கு 0.45 போதும். இதனால்தான் ஆய்வகத்தில் கொதிநீரிலிருந்து எடுத்த இரும்பை உதறாமல் கலோரிமீட்டரில் (வெப்பம் வெளியே போகாமல் காக்கும், நீர் வைத்த அளவுப் பாத்திரம்) போட்டால் விடை கெடுகிறது. ஒட்டிவரும் ஒரு கிராம் நீர் ஒன்பது கிராம் இரும்புக்குச் சமமான வெப்பத்தைக் கொண்டுவந்துவிடும். சட்டென்று மாற்றுங்கள், கலக்கிக்கொண்டே இருங்கள், ஏறி நிற்கும் உச்ச வெப்பநிலையைக் குறியுங்கள்.

அடுத்தது கையை நம்புவது. இரவெல்லாம் 25 டிகிரி அறையில் கிடந்த எவர்சில்வர் தட்டு சில்லென்று இருக்கும், பக்கத்திலிருக்கும் மரப்பலகை அப்படி இருக்காது. இரண்டும் 25 டிகிரிதான். எவர்சில்வர் மரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், விரலிலிருந்து அது உறிஞ்சும் வேகம் அதிகம். கை உணர்வது அந்த வேகத்தை. ஆனாலும் உலோகங்களுக்குள் எவர்சில்வர் மந்தமானது. செம்பு அதைவிட 25 மடங்குக்கு மேல் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பால் சரியாகத் தீ படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிப்பதற்கும், அடியில் செம்பு பூசுவதற்கும் இதுவே காரணம்.

கம்பளி சூடு தராது, வெப்பம் போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பனிக்கட்டியைச் சுற்றி வைத்தால் மெதுவாகத்தான் உருகும். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸில் 1840களில் சேமித்த பனிக்கட்டி, அமெரிக்காவிலிருந்து மரத்தூளுக்குள் பொதிந்து கப்பலில் வந்தது.

‘சூடு மேலேதான் போகும்’ என்பதும் அரைகுறை. சூடான காற்றும் நீரும் அடர்த்தி குறைந்து மேலேறும். கம்பியில் வெப்பம் எந்தத் திசையிலும் ஓடும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் கூட்டுவதும் வீண். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகப் போகும். ஒரு கிராம் ஆவியாக 2,260 ஜூல் வேண்டும். அந்த நீராவி கையில் பட்டால் அவ்வளவையும் தோலில் இறக்கும். அதே எடைக் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது தருவது 264 ஜூல்தான்.

டபராவில் காபி ஆற்றும்போது நடப்பதிலும் இதே கணக்கு உண்டு. காற்றுபட்டு ஆறுவது ஒரு பங்கு. 150 கிராம் காபியில் ஒரே கிராம் ஆவியானால்கூட மீதி மூன்றரை டிகிரிக்கு மேல் இறங்கும். உயரத் தூக்கி ஆற்றினால் பரப்பு விரிந்து ஆவியாதல் கூடும்.

கதிர்வீச்சுக் கணக்கில் செல்சியஸைப் போடாதீர்கள். 27 டிகிரி 54 ஆனால் கதிர்வீச்சு 16 மடங்காகாது. கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 300 கெல்வின் 327 ஆகிறது, நான்காம் அடுக்கில் 1.41 மடங்குதான். இதற்கு நேர்மாறான தவறு, வெப்பநிலை வேறுபாட்டோடும் 273 கூட்டுவது. 10 டிகிரி செல்சியஸ் வேறுபாடு என்றால் 10 கெல்வின்தான், 283 அல்ல.