பூச்சி எங்கே போச்சு? குழந்தையோடு படப்புத்தகமும் பாட்டும் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

விலங்குப் படப்புத்தகத்தைத் திறந்ததும் பெரியவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் “இது என்ன?” என்பதுதான். யானை என்கிறது பிள்ளை. பக்கம் புரள்கிறது. “இது?” புலி. “இது?” ஐந்து நிமிடத்தில் புத்தகம் முடிந்துவிடும், பிள்ளையும் மடியிலிருந்து நழுவிவிடும். இவனுக்குப் புத்தகத்தில் நாட்டமே இல்லை என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். நாட்டம் இல்லாமல் இல்லை. கேட்பவருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நாம் நினைக்கும் நேரத்தில் பிள்ளை தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தைத் திறந்ததும் சும்மா இருங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். பக்கம் முழுக்க யானை நின்றாலும், மூலையில் ஊரும் எறும்புதான் அதன் கண்ணில் பட்டிருக்கும். அப்படியானால் பேச்சு எறும்பிலிருந்து தொடங்கட்டும். “எறும்பு வரிசையா எங்க போகுது?” என்று கேட்கலாம். அதற்கு விடை உங்களுக்கும் தெரியாது. அதனாலேயே அது நல்ல கேள்வி. பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். “நாய்” என்றால், “ஆமா, நனைஞ்ச நாய்.” அடுத்த நாள் “நனைஞ்ச நாய்” என்று அதுவே சொல்லும். பிறகு, “நனைஞ்ச நாய் உடம்ப ஒதறுது.” சொல் இப்படித்தான் சேர்கிறது.

புத்தகத்தை முடித்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நாலு பக்கம் போதும். மூன்று, நான்கு வயதில் 10 நிமிடம் நிறைவான நேரம். 32 பக்கப் புத்தகத்தை இரண்டு நாளாகப் பிரித்துப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அட்டையைத் தாண்டி ஓடாதீர்கள். பல புத்தகங்களில் கதை அட்டையிலேயே தொடங்கிவிடும், பின்னட்டையில்தான் முடியும். ஒரே புத்தகத்தைப் பத்து நாள் தொடர்ந்து கேட்டால் பத்து நாளும் படியுங்கள். முதல் முறை கேட்கும்போது பிள்ளை கதையைப் பிடிக்கிறது. சொற்கள் காதில் நிற்க ஆரம்பிப்பது நான்காம், ஐந்தாம் முறையில்.

அடுத்தது மொழி. புத்தகத்தில் “யானை ஆற்றுக்குச் சென்றது” என்று இருக்கும். வீட்டில் யாரும் ‘சென்றது’ என்று சொல்வதில்லை. சிலர் பிள்ளைக்குப் புரியாது என்று எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றி வாசிக்கிறார்கள். சிலர் முழுக்க எழுத்துத் தமிழிலேயே பேசி, பாடம் நடத்துவதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். அச்சில் உள்ள வரியை அச்சில் உள்ளபடியே, நிறுத்தி, தெளிவாக வாசியுங்கள். அதைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பேச்சுக்கு வாருங்கள். “யானை ஆற்றுக்குச் சென்றது. ஏன் ஆத்துக்குப் போச்சு? தாகமா, குளிக்கவா?” இரண்டும் அடுத்தடுத்துக் காதில் விழும்போது, ஒரே மொழிக்கு இரண்டு உடை இருப்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வாசிப்புப் புத்தகத்தைத் திறக்கும்போது அந்த நடை புதிதாகவும் இருக்காது.

மலேசியாவின் பினாங்குப் பிள்ளைகள் யானையைப் பார்த்து மலாயில் ‘காஜா’ என்றோ ‘எலிஃபண்ட்’ என்றோ சொன்னால், “தமிழ்ல சொல்லு!” என்று அதட்ட வேண்டாம். பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, வேறு மொழியில். “ஆமா, யானை. பெரிய யானை” என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையானால் இதுவே ஒரு விளையாட்டு. காஜாவுக்கும் கஜத்துக்கும், சிங்காவுக்கும் சிங்கத்துக்கும், வாத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அங்சாவுக்கும் (மலாயில் பெருவாத்து) நம் அன்னத்துக்கும் வேர் ஒன்றுதான். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்கும் போய், தமிழுக்கும் வந்த சொற்கள் இவை. ஏழு வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் வேறு சொல் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடும்.

ஒலிகளுக்கு வருவோம். எல்லா விலங்கும் ‘கத்துது’ என்று சொல்லி முடிப்பது ஒரு தவறு. யானை பிளிறும், மயில் அகவும், காகம் கரையும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், பாம்பு சீறும். தேர்வில் வருமே என்று இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். யானைப் பக்கம் வந்தால் கையைத் துதிக்கையாகத் தூக்கி, பிளிறிக் காட்டி, “யானை பிளிறுது” என்று சொல்லுங்கள். பிள்ளையும் பிளிறட்டும். குட்டிகளுக்கும் இதே வழிதான். எல்லாமே ‘பேபி’ அல்ல: யானைக்கன்று, புலிப்பறழ், சிங்கக்குருளை, கீரிப்பிள்ளை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக வரிசைப்படுத்தியிருக்கிறது. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது பிள்ளைக்கு நாம் செய்யும் நட்டம்.

படம் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் பலரும் கவனிக்காத தவறு. படப்புத்தகம் வரைபவருக்கு அழகு முக்கியம். உடற்கூறு பல நேரம் இரண்டாம் பட்சம். பெங்குயினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நிற்கும், ஒன்று தென்முனைப் பக்கத்தது, மற்றது வடமுனைப் பக்கத்தது. துடுப்புக் கால் கொண்ட கடலாமை பயந்து தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். உண்மையில் கடலாமையால் அப்படிச் செய்ய முடியாது, நிலத்தாமைதான் செய்யும். இதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். “நிஜமா இப்படியா இருக்கும்? பார்த்துட்டு வரலாமா?” என்று கேட்டால் போதும். பினாங்கில் பார்த்துவிட்டு வருவது எளிது. தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரையில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாயில் நீந்திப் போகும் பியாவாக்கை (உடும்பின் மலாய்ப் பெயர்) காட்டி, பிள்ளைகள் ‘முதலை!’ என்பார்கள். பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து வந்து போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் அது உடும்பு. முதலையின் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருப்பதால் வெளியே நீட்ட வராது. வீட்டுக்கு வந்து புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மறக்கவே மறக்காது.

குரங்குப் பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் இரண்டு வகைக் குரங்கு உண்டு. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், நீண்ட வாலோடு, ஆள் பயமில்லாமல் தரையில் உட்கார்ந்திருப்பது கெரா. மரத்தின் மேலேயே இருந்து இலையைத் தின்பது லோத்தோங். அதன் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்ட தாத்தாபோல. புத்தகங்களில் குட்டிக் குரங்கை அம்மாவின் நிறத்திலேயே சின்னதாக வரைந்துவிடுகிறார்கள். லோத்தோங் குட்டி பிறக்கும்போது பளீரென்ற ஆரஞ்சு நிறம்! சாம்பல் நிற அம்மாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மரத்தில் பழம் தொங்குவதுபோல் தெரியும். ஆறு மாதத்துக்குள் அந்த நிறம் போய்விடும். கெராக் குட்டியோ கறுப்பாகப் பிறக்கும். நம் நாட்டுத் தாப்பிர் (குட்டைத் துதிக்கை உள்ள காட்டு விலங்கு) குட்டிக்கும் இப்படித்தான். பெரியது கறுப்பும் வெள்ளையும், குட்டிக்கு உடம்பெங்கும் கோடும் புள்ளியும், தர்பூசணிபோல. “குட்டி ஏன் அம்மா மாதிரி இல்ல?” என்ற ஒரே கேள்வியில் ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. புத்தகத்துக் குரங்கு பல்லைக் காட்டிச் சிரிக்கும். நிஜக் கெரா பல்லை இளித்தால் அது சிரிப்பல்ல, பயத்தின் அடையாளம். வாயைத் திறந்து முறைத்துப் பார்த்தால் மிரட்டல். பிள்ளை புத்தகப் பழக்கத்தில் வாயைத் திறந்து சிரித்தபடி அதன் கண்ணையே பார்த்தால், சண்டைக்கு அழைப்பதாகக் குரங்கு நினைத்துக்கொள்ளும். போகும் முன்பே சொல்லிவையுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், தீனி போடவே வேண்டாம்.

புத்தகத்தைக் கையாளும் விதத்தில் சில சின்னத் தவறுகளும் உண்டு. பாலர் பள்ளியில் 20, 25 பிள்ளைகளுக்கு ஏ4 அளவுப் புத்தகத்தை ஆசிரியர் மார்போடு அணைத்து வாசித்தால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது. எட்டுப் பத்துப் பேராகப் பிரியுங்கள். நடுமடிப்பின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்து, முகத்துக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளின் கண் உயரத்தில் வையுங்கள். சன்னலை எதிரே பார்த்து உட்காராதீர்கள், வழவழத் தாளில் வெளிச்சம் பட்டு படம் மறைந்துவிடும். இந்த ஊர் ஈரக்காற்றில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும், ஒரு சாண் தள்ளி வையுங்கள். மைலோ கொட்டி வழவழத் தாள் நனைந்துவிட்டால் மூடிவைத்துக் காயவிடவே கூடாது. பக்கங்கள் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். உடனே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைத்து, விசிறிக் காற்றில் நிறுத்திக் காயவையுங்கள்.

இனி பாட்டு. விலங்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அன்றாட வாழ்வைச் சொல்லும் சின்னப் பாட்டு ஒன்று இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிப் பிடிக்கும். புத்தகத்தில் முதலை, வீட்டுச் சுவரில் பல்லி. பல்லிக்கு ஒரு பாட்டு:

சன்னல் ஓரம் சின்னப் பல்லி
சத்தம் போடுது சிக்சிக் சொல்லி
மின்னும் விளக்கில் பூச்சி வந்தாச்சு
மெல்ல மெல்ல... எங்கே போச்சு?

இதை உரைநடைபோல ஒரே மூச்சில் வாசித்தால் பாட்டு செத்துவிடும். வரிக்கு நான்கு சீர், நான்கு கைத்தட்டு: சன்னல்–ஓரம்–சின்னப்–பல்லி. முதலில் நீங்கள் மட்டும் தட்டுங்கள், பிள்ளை கை தானாகச் சேரும். தமிழ்ப் பாட்டின் இனிமை வரிக்கடைசியில் மட்டும் இல்லை, தொடக்கத்திலும் இருக்கிறது. ‘சன்னல்’, ‘மின்னும்’ என்று இரண்டாம் எழுத்து ஒத்துவருவது எதுகை. ‘சன்னல்’, ‘சத்தம்’ என்று முதலெழுத்து ஒத்துவருவது மோனை. பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். வாசிக்கும் நமக்குத் தெரிந்திருந்தால் அந்த இடங்களில் குரலை லேசாக அழுத்துவோம். ஆங்கிலக் குழந்தைப் பாட்டை வரிக்கு வரி தமிழாக்கிக் கொடுக்கும்போது காணாமல் போவது இதுதான்: பொருள் மிஞ்சும், காதுக்கு எதுவும் மிஞ்சாது.

மூன்றாம் நாளிலிருந்து கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். “சத்தம் போடுது சிக்சிக்...” பிள்ளை ‘சொல்லி!’ என்று முடிக்கும். கடைசி வரியில் ‘மெல்ல மெல்ல’ என்பதைக் குரல் தாழ்த்தி, மெதுவாக, ஒரு நொடி நிறுத்திச் சொல்லுங்கள். பூச்சி எங்கே போனது என்று பாட்டு சொல்லவில்லை. “பல்லி பூச்சியைத் தின்னுடுச்சு” என்று நாம் விளக்கிவிட்டால் அந்தப் பாட்டில் பிள்ளைக்கு வேலையே இல்லை. அதன் முகத்தைப் பாருங்கள்: ஒரு கணம் யோசிக்கும், பிறகு கண் விரியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பாட்டு. “இதிலிருந்து என்ன கத்துக்கிட்டோம்?” என்று கேட்டு அதைக் கலைத்துவிடாதீர்கள். ஒப்புவிக்கும் போட்டிக்குத் தயார் செய்வதுபோல ‘மின்னும்’ என்றால் இந்தக் கை, ‘எங்கே’ என்றால் அந்தக் கை என்று சைகையைப் பழக்குவதும் வேண்டாம். பிள்ளையின் கவனம் முழுக்கக் கைக்குப் போய்விடும், காது மூடிக்கொள்ளும்.

பாட்டைச் சொல்ல நல்ல நேரம் புத்தகத்தை மூடிய பிறகு விளக்கடியில், அல்லது நிஜப் பல்லி சுவரில் நிற்கும்போது. ஒரு வாரம் கழித்துப் பிள்ளை சொற்களை மாற்றத் தொடங்கும். “சன்னல் ஓரம் சின்னப் பூனை” என்று ஆரம்பித்துவிட்டு அடுத்த வரிக்குத் தடுமாறும். “தப்பு, அது பல்லி” என்று திருத்திவிடாதீர்கள். பூனைக்கு ஒத்துவரும் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். ‘யானை’ வரலாம், ‘பானை’ வரலாம். “சத்தம் போட்டு உருட்டுது பானை” என்று வந்துவிட்டால், நீங்களும் கைதட்டி அந்த வரியையே சேர்ந்து சொல்லுங்கள்.