சமுதாய வானொலியில் குற்றத்தடுப்பு நிகழ்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமுதாய வானொலியில் குற்றத்தடுப்பு நிகழ்ச்சி நடத்த வரும் புதியவர்களுக்கு அவ்வப்போது பயிற்சி கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு அணியும் செய்வதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். மைக் பிடிப்பது, நேரத்துக்கு முடிப்பது எல்லாம் தானாகப் பழகிவிடும், அதை விட்டுவிடுகிறேன். சில கிலோமீட்டர் தூரம்தான் நம் ஒலிபரப்பு எட்டும். கேட்பவருக்கு அந்தத் தெருவும் தெரியும், அதில் இருட்டான மூலை எது என்றும் தெரியும். பெரிய வானொலிக்கு இல்லாத இந்தப் பலமே நம்மைக் கவிழ்க்கவும் செய்யும்.

உறுதியாகாத அடையாளத்தைச் சொல்வது

ஒரு மாலை நேரலையில் ஒருவர் அழைத்து, குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஓர் ஆள் சுற்றுகிறான், நீலச் சட்டை, தோளில் பை என்று பதறினார். நானும் பதறி, காவல் நிலையத்துக்கு ஒரு போன்கூடப் போடாமல், அதை மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்னேன். அரை மணி நேரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவரைக் கூட்டம் பிடித்து அடித்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர் அவர். கை முறிந்தது. மறுநாள் அவருடைய மனைவி வந்து, "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அழைத்தவர் பெயர்கூட எங்களிடம் இல்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் காவல் நிலையம் எங்களுக்கு ஒரு தகவலும் தரவில்லை, அந்த ஆறு மாதமும் நிகழ்ச்சி வெறும் பேச்சாகத்தான் ஓடியது.

இன்றைக்கும் யாராவது "எச்சரிக்கைதானே கொடுத்தோம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 1996-இல் அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் ஒலிபரப்பாளர்களும் போலீசாரும் சேர்ந்து தொடங்கிய ஆம்பர் எச்சரிக்கையைப் பாருங்கள். குழந்தை கடத்தப்பட்டதைப் போலீஸ் உறுதிசெய்ய வேண்டும், அடையாளம் காணப் போதுமான விவரம் இருக்க வேண்டும், அப்புறம்தான் அறிவிப்பு. நீலச் சட்டை என்பது விவரமே இல்லை, அது நூறு பேருக்குப் பொருந்தும். 1994-இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது ஆர்டிஎல்எம் என்ற வானொலி ஆட்களின் பெயரையும் வண்டி எண்ணையும் சொல்லிக் கொலையாளிகளை ஏவியது. அவர்கள் நோக்கம் வேறு, நம் நோக்கம் வேறு, சரி. ஆனால் மைக்கில் சொன்ன அடையாளம் தெருவில் ஓர் ஆளாக மாறும் வேகம் ஒன்றுதான்.

ஆகவே அடையாளம் போலீசிடமிருந்து எழுத்தில் வரட்டும், கொடுத்த அதிகாரி யார் என்று குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் "நெருங்காதீர்கள், மடக்காதீர்கள், இந்த எண்ணில் சொல்லுங்கள்" என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். தேடியவர் கிடைத்துவிட்டால் அதையும் உடனே அறிவியுங்கள், இல்லையென்றால் பழைய அறிவிப்பு ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நேரலை அழைப்புக்குச் சில விநாடி தாமதம் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் பதிவு செய்து, கேட்டுப் பார்த்துப் போடுங்கள்.

துப்புக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பது

பெயரைச் சொல்லவில்லையே என்பார்கள். அக்கம்பக்கத்தாருக்குக் குரலே போதும். "மூன்றாவது தெருவிலிருந்து ஒரு அம்மா" என்றால் ஆளே தெரிந்துவிடும். துப்பு ஒலிபரப்புக்கு வரவே வேண்டாம், நேராகக் காவல் நிலையத்துக்குப் போகட்டும்.

ரோந்து நேரத்தை அறிவிப்பது

வேண்டவே வேண்டாம். திருடனும் கேட்கிறான்.

பயத்தை மட்டும் பரப்புவது

எத்தனை திருட்டு என்று அடுக்கினால் ஆட்கள் கதவைப் பூட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவன் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறான், எந்த இடத்தில் போனை வைத்துவிட வேண்டும், பணம் போய்விட்டால் முதல் சில நிமிடங்களில் யாரை அழைக்க வேண்டும் என்று சொன்னால் ஒருவராவது தப்புவார்.

அதிகாரியை மட்டும் பேசவிடுவது

இருபது நிமிட அறிவுரையை யாரும் கேட்பதில்லை. நேயர்களின் கேள்விகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், முடிந்தவரை மாதாமாதம் அதே அதிகாரியை அழையுங்கள். "எங்கள் பக்கம் ரோந்தே வருவதில்லை" என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தால், இந்த மாதம் முதல் கேள்வி அதுதான். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் அந்த அதிகாரியே ஒலிபரப்பில் சொல்லட்டும்.