மானிட்டர் வருஷத்துக்கு எத்தனை யூனிட் சாப்பிடும்? நீங்களே கணக்குப் போடலாம்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மானிட்டர் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிய, நாமேதான் கணக்குப் போட வேண்டும். பெருக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: உண்மையான வாட் எவ்வளவு?

பலர் சறுக்குவது இங்கேதான். அடாப்டரில் 19 வோல்ட், 2.1 ஆம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கி 40 வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அடாப்டரால் தர முடிந்த அதிகபட்ச அளவு. 24 அங்குல எல்இடி மானிட்டர் சாதாரண வெளிச்சத்தில் பெரும்பாலும் 15 முதல் 25 வாட்தான் இழுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் இருந்தால் வேலை சுலபம். 1000 மணி நேரத்துக்கு 18 கிலோவாட்-மணி (அதாவது 18 யூனிட்) என்று இருந்தால், 18 வாட் என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எச்டிஆருக்கு (வெளிச்சத்தையும் நிறத்தையும் தூக்கிக் காட்டும் பட முறை) தனி எண் இருக்கும். எச்டிஆர் படம் பார்க்காதவர்கள் அதை விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், பிளக்கில் செருகும் வாட் மீட்டர்தான் நம்பகமானது. அதை மாட்டிவிட்டு, மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். மீட்டரில் எண் கண்ணெதிரே இறங்கும். ஆனால் டார்க் மோடு (கறுப்புப் பின்னணி) போட்டால் எல்சிடி திரையில் (எல்இடி மானிட்டர் என்பதும் பெரும்பாலும் இதுதான்) எண் பெரும்பாலும் அசையாது, பின்விளக்கு எரிந்துகொண்டேதானே இருக்கிறது! (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் குறையும்.) யூஎஸ்பி-சி வழியாக லேப்டாப்பும் சார்ஜ் ஆகிறதென்றால், அளக்கும்போது கழற்றிவிடுங்கள்.

படி 2: பெருக்குங்கள்

வாட் × ஒரு நாளின் மணி நேரம் × வருஷத்தில் ஓடும் நாட்கள் ÷ 1000 = யூனிட். 20 வாட், தினம் 8 மணி நேரம், 250 நாள் என்றால் 40 யூனிட்.

படி 3: ஸ்டாண்ட்பை

திரை அணைந்து, பிளக்கில் மட்டும் இருக்கும் நிலை இது. வருஷத்தின் 8,760 மணி நேரத்தில் ஓடும் 2,000 போக, ஓடாத 6,760 மணி நேரத்தில் அரை வாட் போனாலும் சுமார் 3.4 யூனிட்தான். கவலைப்படாதீர்கள்.

படி 4: பணமாக்குங்கள்

மின் கட்டண ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்குங்கள். பயன்பாடு கூடக் கூட விலையும் ஏறும் கட்டண முறை என்றால், சராசரி வேண்டாம். நீங்கள் தொடும் கடைசி அடுக்கின் விலையைப் போடுங்கள். மிச்சமாகும் யூனிட் அந்த அடுக்கிலிருந்துதான் முதலில் கழியும்.

வாங்கலாமா?

35 வாட் மானிட்டரை மாற்றி 20 வாட் வாங்கினால், மேலே சொன்ன பயன்பாட்டில் வருஷத்துக்கு 30 யூனிட் மிச்சம். ஐந்து வருஷத்துக்கு 150. புதிதின் விலையோடு ஒப்பிட்டால், நன்றாக ஓடும் மானிட்டரை இதற்காக மட்டும் மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. எப்படியும் புதிது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வாட் பார்த்து வாங்குங்கள்.

அதே 20 வாட் மானிட்டரை இரவு பகலாக எரியவிட்டால் 175 யூனிட்! அதனால் கம்ப்யூட்டரின் பவர் செட்டிங்கில், பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை அணையும்படி வையுங்கள். ஸ்கிரீன்சேவர் இதில் சேராது, அது ஓடும்போதும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கும்.